ஏவல் வினையில் ஒரு மருத்துவம்

டாக்டர்கள் தமிழில் எழுதுகிற உடல்நலக் கட்டுரைகளை நமது விமர்சனம் ஒரு பிரதியாக மதித்து வாசித்ததில்லை. பத்திரிகையில் 'மருத்துவர் பதில்கள்' வந்தால் பக்கத்தைத் தள்ளிவிட்டுக் கவிதைக்குப் போய்விடுகிறோம். இங்கே ஆவுடையார்கோவில் கடைத்தெருவில் சனங்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

அதன் வினைமுற்றுகளைக் கவனியுங்கள்: தவிர்க்கவும், குறைக்கவும், உடனே மருத்துவரை அணுகவும். எல்லாம் ஏவல். உப்பு ஏன் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்று சொல்வதற்குள் இடம் தீர்ந்துவிடும். கருவாடும் ஊறுகாயும் தொட்டுக்கிட்டுக் கஞ்சி குடிக்கிறவள் வேறு எதைத் தொட்டுக்குவாள் என்ற கேள்வி வரவே வராது. எங்கள் ஊர்க் கோயில் கருவறையில் ஆவுடை உண்டு, லிங்கம் கிடையாது. கும்பிடுகிறவர்கள் அருவத்தைக் கும்பிடுகிறார்கள். இந்தக் கட்டுரைகளில் அருவமாக்கப்படுவது நோயாளி. மருத்துவப் பார்வை எப்படி அதிகாரமாகிறது என்று ஃபூக்கோ 1963இலேயே 'மருத்துவமனையின் பிறப்பு' நூலில் விவாதித்தார். நாமும் அவரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஒரு மருந்துச்சீட்டை வாசித்துப் பார்த்ததில்லை.

கிளினிக்கைச் சாத்திவிட்டு ராத்திரியில் எழுதுகிற டாக்டரை நான் குறை சொல்லவில்லை. அவர் எழுதாவிட்டால் அந்த இடத்தை லேகிய விளம்பரம் பிடித்துக்கொள்ளும். சிக்கல் அவர் படித்த மொழியில் இருக்கிறது. காரணங்களை ஆங்கிலத்தில் கற்றவர் தமிழுக்கு வரும்போது கட்டளைகள் மட்டுமே கூட வருகின்றன.

எங்கள் வட்டத்து மீமிசல் கரையிலிருந்து கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணம். அங்கே மானிப்பாயில் 1848இல் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியவர் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் (1822–1884). மிஷன் பணம், மதமாற்ற நோக்கம் எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1864 முதல் அவர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரணவைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வந்தன. 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும் மொழிபெயர்ப்பை அவர் விடவில்லை. 'கெமிஸ்தம்' 1875இல் வந்தது. அந்தத் தலைப்பைப் பாருங்கள். ஆங்கில உடம்பு, தமிழ் வால். தனித்தமிழ்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, எங்கிருந்து வந்தோம் என்பதை அது ஒளிக்கவில்லை. 'அங்காதிபாதம்' வடமொழிதான்; ஆனாலும் பாதாதிகேசம் பாடிய மொழிக்கு அது அந்நியமாக ஒலித்திருக்காது.

இந்தப் பெருநூல்களின் வாசகர் மாணவர்கள், நோயாளிகள் அல்ல. அது ஒரு வரம்புதான். ஆனால் நோயின் காரணத்தையே தமிழில் படித்த மாணவனுக்கு, நோயாளியிடம் 'ஏன்' என்று விளக்கத் தனியாக ஒரு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டிருக்காது. தமிழ்நாட்டு எம்.பி.பி.எஸ். வகுப்பில் இன்றும் அது நடக்கவில்லை. பொறியியலுக்கு 2010இல் தமிழ்வழி வந்தது, உடம்புக்கு வரவில்லை.

கேள்வி-பதில் பகுதிகளில் வாசகர் கடிதம் மூணு வரியாக வெட்டப்படுகிறது. பெயர் இரண்டு எழுத்தாகச் சுருங்குகிறது. பெயரை மறைப்பது நியாயம். ஆனால் வயல்வேலை, கடன், புருஷனின் குடி, இதற்கு முன் பார்த்த வைத்தியம் இவையெல்லாமும் வெட்டப்பட்ட வரிகளில்தான் இருந்திருக்கும். டாக்டரின் பதில்களை யாராவது தொகுத்துப் புத்தகமாகப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்த முழுக் கடிதங்களை வாசிக்க வேண்டும்.