தட்டினால் சொல்லிவிடும்

கடலூர் முதுநகரில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கொட்டகை. கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் அடிவயிற்றை ஒருவர் ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே நடந்தார். டக், டக் என்று கெட்டியாக வந்த ஓசை ஓரிடத்தில் டொப்பென்று தொய்ந்தது. அங்கே சாக்பீசால் ஒரு வட்டம் போட்டார். “உள்ள காத்து நிக்குது தம்பி. கண்ணுக்குத் தெரியாது, தட்டினா சொல்லிடும்” என்றார். என் பையில் வீட்டு மாடியில் நானே வார்த்த புல்லட் சைடு பாக்ஸ் மூடி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். தட்டினார். மூன்று வட்டம் விழுந்தது.

வண்டிக்குச் சொந்தமாக உடல் பாகம் செய்ய விரும்புகிறவர்கள் முதலில் படத்தைத்தான் பார்க்கிறார்கள். வளைவு எப்படி, நிறம் என்ன என்பதில் மனம் போய்விடுகிறது. என்னையும் அந்த நாணய ஓசைதான் பொருள் பக்கம் திருப்பியது. ஃபைபரா, அலுமினியமா, இரும்பா என்ற கேள்விக்கு நான் கண்ட விடை கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே உள்ள சாலையிலேயே கிடக்கிறது. நம் ஊரில் எந்தப் பொருளைத் தட்டிப் பார்த்து நோய் சொல்ல ஆள் இருக்கிறாரோ, அந்தப் பொருளில்தான் செய்ய வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன் இந்தக் கரையில் கட்டுமரம் ஏராளம். அலை அவற்றை அடித்துப்போன பிறகு நிவாரணமாக வந்து குவிந்தவை ஃபைபர் படகுகள். செய்ய ஆள் வேண்டியிருந்தது, செய்தபின் ஒட்டுப்போடவும் ஆள் வேண்டியிருந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரை கண்ணாடி இழை விரிப்பான ‘மேட்’டையும் ரெசின் என்ற பிசினையும் கையாளத் தெரிந்த கைகள் உருவானது அப்படித்தான். ஒரு சீட் கவுலோ சைடு மூடியோ அந்தப் படகுக்குத் தம்பி முறை. அதே கண்ணாடி இழை, அதே பிசின், அதே உருளை.

ஃபைபரின் அழகு அதன் கீழ்ப்படிதலில் இருக்கிறது. தகடு ஒரு திசையில் மனமார வளையும், இரண்டு திசையில் வளைக்க அடி வாங்கும். நனைந்த மேட்டோ ஈரத் துணிபோல எந்தக் குழிவிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். வண்டியின் சைடு மூடிக்கு 300 கிராம் மேட் இரண்டு மூன்று அடுக்கு போதும். மேட்டின் எடையைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். அதற்கு மேல் ஊற்றினால் பலம் என்று நினைப்பது தவறு. பலம் இழையில் இருக்கிறது. ரெசின் மிகுந்த இடம் கண்ணாடிபோல் நொறுங்கும். கொட்டகைக்காரர் உருளையை அழுத்தி அழுத்திப் பிசினை வெளியே தள்ளுவதைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக இருந்த மேட் நனைந்து, இழைகள் கண்ணுக்கு மறைந்து, தேன் நிறத்தில் தெளியும் அந்தக் கணம் இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்தது.

வெயில் இதில் ஒரு பங்காளி. ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சித்திரை மதியத்தில் இரண்டு ஊற்றினால் டப்பாவிலேயே இறுகிப் புகையத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தால் மேல்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும். மாசி, பங்குனி காலைகள்தான் இந்த வேலைக்குப் பொருத்தம். ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. ஹார்டனரையும், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேராகக் கலக்கக் கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே அடுத்தது.

அச்சுக்கு எல்லாரும் தெர்மாகோலுக்கு ஓடுகிறார்கள். பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துத் தின்றுவிடும். மேலே டேப் சுற்ற வேண்டும், இல்லையென்றால் விலை கூடிய எபாக்சி வாங்க வேண்டும். எனக்குக் களிமண்தான். பண்ருட்டிப் பக்கம் கொலு பொம்மை செய்கிறவர்களின் மண்ணுக்கு இணையாக வளைவைப் பிடித்து வைக்கும் பொருளை நான் தொட்டதில்லை. ஈர விரலால் ஒரு விளிம்பைத் தடவிச் சரிசெய்யும்போது, வண்டியின் உருவம் கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரிகிறது. காய்ந்த மண்ணுக்கு மேல் பிளாஸ்டர், அதற்கு மேல் மெழுகு பாலிஷ், பிறகு ஜெல்கோட் என்ற மேற்பூச்சு. இதில் அவசரப்பட்ட நாளில்தான் என் மூடிக்குள் அந்த மூன்று காற்றுக் குமிழிகளும் தங்கிவிட்டன.

ஃபைபர் மேல் இத்தனை ஆசை இருந்தும் பெட்ரோல் டேங்கை அதில் செய்ய மாட்டேன். 1972இல் இத்தாலியின் இமோலா பந்தயத்தில் பால் ஸ்மார்ட் வென்ற டுகாட்டி 750இன் டேங்க் ஃபைபர்தான். பெட்ரோல் மட்டம் வெளியே தெரியும்படி ஒரு பட்டையை நிறம் பூசாமல் விட்டிருந்தார்கள். அந்த ஒற்றைப் பட்டையை நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது, பயனே அலங்காரமான இடம் அது. ஆனால் அந்தக் காலத்து பெட்ரோல் வேறு. இன்று நம் பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் சாதாரண பாலியஸ்டர் ரெசினை இளக்கிவிடும், கரைந்த பிசின் கார்புரேட்டரில் போய் அடையும். இரண்டு தொடைகளுக்கு நடுவே இருக்கும் பொருளில் சோதனை வேண்டாம். டேங்குக்கு இரும்புத் தகடுதான்.

அந்த இரும்புக்கும் இந்த மண்ணில் ஒரு கதை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். சேலத்து இரும்புத் தாதுவை மரக்கரி கொண்டு உருக்கி, இரும்பை ஷெஃபீல்டு வரை அனுப்பினார்கள். மரக்கரியில் கந்தகம் குறைவு, அதனால் இரும்பு சுத்தம். பரங்கிப்பேட்டைச் சாலையில் வண்டி ஓட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இரும்பின் பெருமை அது மன்னிக்கும் என்பதே. விழுந்து நசுங்கினால் டிங்கர் கடைக்காரர் உள்ளே டாலி என்ற இரும்புக் கட்டையை வைத்து வெளியே தட்டி எடுத்துவிடுவார். ஃபைபர் நசுங்காது, உடையும். ஆனால் உப்புக்காற்று இரும்பின் எதிரி. மட்கார்டின் உள்மடிப்பில் சேறு தங்கும் இடத்தில் துரு உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயிண்ட் குமிழ்விடும்போது உள்ளே சல்லடையாகியிருக்கும். அதன்மேல் பட்டியை அப்பித் தேய்த்து மறைப்பதை நான் வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை. நாணயத்தால் தட்டினால் பட்டியும் டொப்பென்றுதான் சொல்லும்.

அதனால் மட்கார்டுக்கு நான் போய்ச் சேர்ந்த பொருள் அலுமினியம். இரும்பின் ஒப்படர்த்தி 7.8, அலுமினியத்தினுடையது 2.7. வளைப்பதற்கு முன் தகட்டை இளக்க வேண்டும், ஆனால் வெப்பமானி வேண்டாம். குளியல் சோப்பைத் தகட்டில் தடவி அடியிலிருந்து தீயைக் காட்டினால், சோப்பு கறுக்கும் நேரத்தில் தகடு பதமாகிவிட்டிருக்கும். ஆறவிட்டு, மணல் மூட்டையின்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க இறுகும், ஓசை மெல்ல உயரும். கூர்மையாகிவிட்டால் மறுபடி சோப்பு, மறுபடி தீ. என் முன் மட்கார்டு ஐந்து முறை தீயைக் கண்டது.

சிதம்பரம் கோயிலில் அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டே சிற்சபையின் பொன்கூரையை நெடுநேரம் பார்த்தேன். மரச்சட்டத்தின்மேல் வேய்ந்த பொன் ஓடுகள் 21,600, ஆணிகள் 72,000 என்பது மரபு. மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சும் உடலின் நாடிகளும் அந்த எண்களாம். நான் இன்னொன்றையும் பார்த்தேன். ஒவ்வொரு ஓடும் கீழுள்ளதன்மேல் படிந்து, நீர் எங்கும் தங்காமல் வழிந்துவிடுகிறது. மெல்லிய தகட்டை நீண்ட காலம் காப்பது அந்தப் படிவுதான். வீட்டுக்கு வந்ததும் மட்கார்டின் விளிம்பை உள்மடிப்பாக விடாமல், சேறு நிற்க இடமின்றி வெளிப்புறம் சுருட்டினேன்.

அலுமினியத்தில் ஒரு கவனம் உண்டு. உப்பு ஈரத்தில் இரும்பு போல்ட்டோடு ஒட்டினால் அலுமினியம்தான் அரிபடும். வெள்ளைப் பொடி பூத்தால் அதுதான் அறிகுறி. நடுவே ரப்பர் வாஷர் வேண்டும். ஒற்றை சிலிண்டர் புல்லட்டின் அதிர்வுக்கும் அந்த ரப்பரே மருந்து. ஃபைபர் மூடிக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். போல்ட் துளையைச் சுற்றி மேட்டின் நடுவில் ஒரு உலோகத் துண்டைப் புதைத்து, அகலமான வாஷர் போடாவிட்டால் துளையிலிருந்து நட்சத்திரம்போல் விரிசல் ஓடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அதனால் சேசிஸை அறுக்காமல், தொழிற்சாலைத் துளைகளிலேயே மாட்டிக் கழற்றும்படி செய்வதை நான் விதியாக வைத்திருக்கிறேன்.

என் மூடியின் அந்த மூன்று வட்டங்களையும் கொட்டகைக்காரரே கீறித் திறந்து காட்டினார். பிறகு என்னையே உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லி, மேட்டை உள்ளங்கை அளவுக்குக் கிழிக்கச் சொன்னார். “கத்திரியால வெட்டாத. கிழிச்சாதான் ஓரம் நாரா நிக்கும், பழையதுல போய்க் கலக்கும்.” மறுநாள் காய்ந்த மூடியை எடுத்துப்போனபோது கொட்டகையில் நாணயத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. விரல்முட்டியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டினார். டக், டக் என்று ஒரே ஓசை. திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகுப் பக்கம் போனார்.