பாட்டி வாங்கித் தந்த டிக்கெட்

2005-ல் வந்த ‘கோல்!’ படத்தை மறுபடி பார்த்தேன். டேனி கேனன் டைரக்‌ஷன். மெக்ஸிகோவிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் ஓடிவரும் குடும்பம். ஓட்டத்தில் சின்னப் பையனின் பந்து நழுவிவிடுகிறது. திரும்பிப் போய் எடுக்க அப்பா விடுவதில்லை.

அந்தப் பையன் சான்டியாகோ லாஸ் ஏஞ்சலஸில் வளர்கிறான். அப்பாவோடு தோட்ட வேலை, ஓட்டலில் எச்சில் தட்டு எடுக்கிற வேலை, மிச்ச நேரத்தில் ஃபுட்பால். மகளைப் பார்க்க வந்த பழைய நியூகாஸில் ஆட்டக்காரர் ஒருவர் தற்செயலாக அவன் ஆட்டத்தைப் பார்த்துவிடுகிறார். மேனேஜரிடம் பேசி ட்ரையலுக்கு ஏற்பாடு செய்கிறார். பாட்டி டிக்கெட் வாங்கித் தருகிறாள். பையன் இங்கிலாந்து போய், சேற்றில் விழுந்து எழுந்து, ஜெயிக்கிறான். 2007-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ரியல் மாட்ரிட்டுக்கே போய்விட்டான்!

படம் அலுக்கவில்லை. நிஜ ஸ்டேடியம், நிஜக் கூட்டம். பெக்காம், ஜிடேன் எல்லாம் வந்து தலை காட்டுகிறார்கள். மகனை நம்பாத அப்பா, யாருக்கும் தெரியாமல் ஒரு பாரில் நின்று அவன் ஆட்டத்தை டி.வி.யில் பார்க்கிற காட்சி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

என் புகார் ஒன்றே ஒன்றுதான். திறமை இருந்தால் என்றைக்காவது, யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்கிறது படம். நிஜத்தில், பையன் பந்தைத் தொடுவதற்கு முன்பே மேப் ஒரு ரவுண்டு ஆள் பொறுக்கி முடித்துவிடுகிறது.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படம் வந்த காலத்தில் அங்கே ஒரு விதி இருந்தது. கிளப் அகாடமியில் சேரவேண்டுமானால் பையன் வீடு பக்கத்தில் இருக்கவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரப் பயண தூரம், கொஞ்சம் பெரியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம். 2012-ல்தான் பெரிய அகாடமிகளுக்கு இதைத் தளர்த்தினார்கள். பிள்ளைகளை அலைக்கழிக்கக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி. நல்ல எண்ணம்தான். ஆனால் நாட்டின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. மேல் நான்கு டிவிஷன்களில் ஆடும் 92 கிளப்களில் ஒன்றுகூட அங்கே கிடையாது. பக்கத்துக் கிளப் என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிளிமத். கோடியிலிருக்கும் பென்சான்ஸிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வாரத்தில் மூன்று சாயங்காலம் அப்பா வேலையை விட்டுவிட்டுக் காரோட்டவேண்டும். விதி போனாலும் தூரம் போகாது, பெட்ரோல் செலவும் போகாது.

இப்போது பாரீஸுக்கு வாருங்கள். நகரத்துக்கு வடகிழக்கே போன்டி என்கிற புறநகர். கிலியன் எம்பாப்பே வளர்ந்த இடம். உள்ளூர் கிளப்பில் அப்பாவே கோச். கிளேர்ஃபோன்டேனில் 1988-ல் திறந்த தேசியப் பயிற்சி மையம் காரில் போகிற தூரம். அங்கே பாரீஸ் வட்டாரப் பையன்களாகப் பார்த்துப் பொறுக்கி, 13 வயதில் சேர்த்து, இரண்டு வருஷம் பயிற்சி தந்தார்கள். சனி, ஞாயிறு வீட்டுக்குப் போய்ச் சொந்தக் கிளப்புக்கு ஆட முடிந்தது. எம்பாப்பே அங்கே படித்து, 2013-ல் மொனாக்கோ போய், 19 வயதில் 2018 உலகக் கோப்பையை வென்றார். திறமைசாலிதான், சந்தேகமில்லை. அந்தத் திறமையைப் பார்க்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள் என்பதும் உண்மை.

‘கிடைக்காதவர்களும் பாரீஸில்தானே இருக்கிறார்கள்?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதே அணியில் ஆடிய என்கோலோ கான்டேயைப் பாருங்கள். பாரீஸை ஒட்டிய ஊர்தான். ஆள் குள்ளம் என்று பெரிய அகாடமிகள் சீண்டவில்லை. 19 வயது வரை சுரேன் என்ற சின்னக் கிளப்பிலேயே இருந்தார். பிறகு பூலோன், கான், லெஸ்டர், உலகக் கோப்பை. ஜேமி வார்டியை 16 வயதில் ஷெஃபீல்டு கிளப் அனுப்பிவிட்டது. ஃபாக்டரியில் வேலை பார்த்தபடி பக்கத்திலேயே ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் கிளப்புக்கு ஆடினார். ஒவ்வொரு படியாக ஏறி 2012-ல் லெஸ்டருக்கு வந்தார். 2016-ல் இந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் லெஸ்டருக்குப் பிரீமியர் லீக்கை வாங்கித் தந்தார்கள்.

ஊர் தருகிற பெரிய சொத்து இதுதான்: இரண்டாவது பார்வை. கிளப்கள் நெருக்கமாக இருக்கிற ஊரில், ஒருத்தன் தள்ளிவிட்டால் அடுத்த தெருவில் இன்னொருத்தன் சேர்த்துக்கொள்வான். பையன் 20 வயது வரை ஆடிக்கொண்டாவது இருப்பான். கிளப்பே இல்லாத மூலையில், ஒரு தடவை தப்பினால் தப்பினதுதான். ‘கோல்!’ இதைத் தலைகீழாகச் சொல்கிறது. ஒரே ஒரு பார்வை, ஒரே ஒரு நல்ல மனுஷன், போதும் என்கிறது.

இதில் எனக்குக் கோபம் வருவது அந்த அப்பா விஷயத்தில். ‘நம்ம மாதிரி ஆளுக்கு இதெல்லாம் நடக்காது’ என்கிற அவரைப் படம் அவநம்பிக்கைக்காரராக நிறுத்திவைக்கிறது. பாவம், அவர் கணக்குப் போட்டார். மகன் சேர்த்து வைத்த பணத்தை எடுத்து லாரி வாங்கியது தப்புதான். கணக்கு தப்பில்லை. இங்கிலாந்துக்காரரின் மகள் வேறு ஊரில் குடியிருந்தால் கதையே கிடையாதே!

இதைப் பெரிதுபடுத்தக் காரணம் இருக்கிறது. ‘திறமை இருந்தால் வந்தே தீரும்’ என்று நம்புகிற பையன், வராதபோது என்ன முடிவுக்கு வருவான்? எனக்குத் திறமை இல்லை என்றுதானே? 14 வயதில் அப்படி ஒரு பொய்யை நம்பிப் பந்தைப் பரணில் போட்டவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

வீட்டுப் பிள்ளைகளோடு தாராளமாகப் பாருங்கள். பாட்டி டிக்கெட்டை நீட்டுகிற இடம் வந்ததும், டிக்கெட் வாங்க வழியில்லாத பாட்டிகளின் பேரன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.