புறக்கோளின் காற்றா, விண்மீனின் ஆட்டமா?

எச்டி 189733பி, தன் விண்மீனை 2.2 நாளில் ஒருமுறை சுற்றிவரும் வியாழனை ஒத்த கோள். 2010 ஏப்ரலில் ஹப்பிள் தொலைநோக்கி அதை நோக்கியபோது ஹைட்ரஜன் கசியும் தடயம் தெரியவில்லை. 2011 செப்டம்பரில் மீண்டும் நோக்கியபோது, நொடிக்குக் குறைந்தது ஆயிரம் டன் வாயு வெளியேறுவதாகக் கணக்கிட்டார்கள். கோள் விண்மீனுக்குக் குறுக்கே சென்ற அந்தக் கடப்புக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம் முன்பு, விண்மீனில் எக்ஸ் கதிர் வெடிப்பு ஒன்றை ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் பதிவு செய்திருந்தது. ஒரே நிகழ்வை வைத்துக் காரணத்தை அறுதியிட முடியாது. ஆனால் விண்மீனையும் சேர்த்துக் கவனித்ததால்தான் வெடிப்புதான் காரணமா என்ற கேள்விக்கே இடம் கிடைத்தது.

கடப்பு நிறமாலை முறையின் பலம் எளிதில் விளங்கும். கோள் விண்மீனுக்குக் குறுக்கே செல்லும்போது, அதன் விளிம்புக் காற்றை ஊடுருவி வரும் ஒளியில் எந்த அலைநீளம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கிறார்கள். கோளைத் தனியே படமெடுக்காமலே சோடியமும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் பிடிபட்டது இப்படித்தான். பலவீனமும் அதே ஒளியில்தான் இருக்கிறது. விண்மீனில் கரும்புள்ளிகள் தோன்றும், மறையும். டிராப்பிஸ்ட்-1பி கோளின் கடப்பை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பதிவு செய்தபோது, நிறமாலையில் மேலோங்கி நின்றது விண்மீனின் மேற்பரப்புக் கறைகளின் விளைவே.

சுற்றுப்பாதை நெடுகக் கோளின் பிரகாசம் ஏறி இறங்குவதை அளக்கும் முறையும் விண்மீனின் இந்தக் குறுக்கீட்டுக்குத் தப்பவில்லை. ஹாட்-பி-7பி கோளின் வெப்பமான பகுதி இடம் மாறுவதாகவும், அங்கே காற்றின் போக்கு மாறுவதே காரணம் என்றும் கெப்ளர் விண்தொலைநோக்கியின் தரவை வைத்து 2016இல் அறிவித்தார்கள். விண்மீனின் கொதிக்கும் மேற்பரப்பு எழுப்பும் ஒளித் தடுமாற்றமே அத்தகைய தோற்றத்தைத் தரக்கூடும் என்று 2022இல் வந்த மறுஆய்வு காட்டியது.

நூறு கோடி ஆண்டு அளவில் நடக்கும் மாற்றத்தை அறிய வேறு வழி உண்டு: பல கோள்களை ஒருசேரப் பார்ப்பது. ஓர் ஊரின் எல்லா வயதினரையும் ஒரே நாளில் படமெடுத்து மனித வளர்ச்சியை ஊகிப்பது போன்றது அது. பூமியைப் போல 1.5 முதல் 2 மடங்கு ஆரமுள்ள கோள்கள் அரிதாக இருப்பது 2017இல் தெளிவானது. விண்மீனை நெருங்கிய சிறிய கோள்கள் தம் ஹைட்ரஜன் போர்வையை இழப்பதால் இப்படியோர் இடைவெளி உருவாகும் என்று வானியலாளர்கள் ஓவனும் வூவும் 2013லேயே கணித்திருந்தார்கள். தனிக் கோள்களின் தடுமாற்றம் கூட்டத்தில் கரைந்துபோவதால் இந்தச் சான்றை நான் கூடுதலாக நம்புகிறேன். ஆனால் போர்வையை உரித்தது முதல் பத்துக் கோடி ஆண்டுகளின் உக்கிரமான கதிர்வீச்சா, நெடுங்காலம் கசியும் கோளின் உள்வெப்பமா என்பதை இடைவெளி மட்டும் சொல்லாது. அதற்கு விண்மீன்களின் வயது துல்லியமாகத் தெரிய வேண்டும். அது பெரும்பாலும் தோராயமே.

ஒரே கோளைப் பத்து முறை பார்த்தால் ஒன்பது புதிய கோள்களைப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும் என்ற வாதம் பொய்யல்ல. புறக்கோள் ஆய்வின் முதல் இருபது ஆண்டுகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தியது. என்ன இருக்கிறது என்ற கேள்வி, எப்படி மாறுகிறது என்று திரும்பிய பிறகு அது பொருந்தாது. கோளின் காற்று மாறியது என்று சொல்பவர், அதே வேளையில் விண்மீன் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். காட்டாதவரை அந்த அறிவிப்பைக் கருதுகோளாக வைத்துக்கொள்வதே நியாயம்.