“இரண்டாம் ஜாமங்களின் கதை” — ஒரு மதிப்புரை

பெண்களை வீட்டுக்குள் அடைத்து வைக்கும் வழக்கத்தைப்பற்றிப் பிறர் எழுதியன நம்மிடம் ஏராளம். அடைபட்டவர்களே எழுதியனவோ மிகச் சொற்பம். அச்சொற்பத்துள் முன் வைத்து எண்ணத்தக்கது, கவிஞர் சல்மா அவர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட “இரண்டாம் ஜாமங்களின் கதை” என்னும் நாவலாகும். ஆசிரியர் திருச்சி ஜில்லா துவரங்குறிச்சியைச் சேர்ந்தவர். சிறு வயதிலேயே பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்டு, மணமாகும்வரை வீட்டினுள்ளேயே இருந்தவர். மறைவாகக் கவிதை எழுதியவர். அவரே 2001இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவராகவும், 2025இல் ராஜ்ய சபை அங்கத்தினராகவும் ஆனார்.

நாவலின் களம் தமிழ் முஸ்லிம்கள் வாழும் ஒரு சிற்றூர். ராபியா என்னும் சிறுமிக்கு வயது ஏற ஏறத் தெருவும் விளையாட்டும் சினிமாவும் ஒவ்வொன்றாக விலக்கப்படுகின்றன. விலக்குபவர் யார்? ஆண்கள் விதி செய்கிறார்கள். காவல் நிற்பவர்களோ தாயும் மாமியும் பாட்டியும்தாம். பிர்தவ்ஸ் என்பவள் பிடிக்காத கணவனை விட்டு வந்து, வேறொருவனை விரும்பியபோது, அவளுக்கு நஞ்சு பெற்ற தாயின் கையாலேயே வருகிறது. தாயைக் கொடியவளாகக் காட்டாமல், ஊர்ப்பழிக்கு நடுங்கும் பேதையாகக் காட்டியிருப்பதே இந்நூலின் பெருஞ்சிறப்பு என்போம்.

குறையும் உண்டு. பாத்திரங்கள் மிகுதியாகையால் உறவுமுறை விளங்காமல் வாசகர் தடுமாற நேரும். ஆண்கள் பெரும்பாலும் நிழல்களாகவே வந்து போகிறார்கள்.

இந்நூலைப் படித்துவிட்டு, “எல்லாம் அவர்கள் மதத்தின் வேலை” என்று சீர்திருத்தம் பேசும் நம்மவரே சொல்லக் கேட்கிறோம். இது சரியாகாது. ஆப்கானிஸ்தானத்தில் தாலிபான்கள் 2021இல் மீண்டும் ஆட்சிக்கு வந்தது முதல், ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அதே இஸ்லாத்தைத் தழுவிய நம் நெகிரி செம்பிலான் மலாய்க்காரரிடமோ, அடாட் பெர்பாத்தே வழக்கப்படி குடும்பப் பூர்வீக நிலம் தாய் வழியே பெண்களுக்குச் சேருகிறது. மணமகன் மனைவியின் ஊருக்குக் குடிபோவதே பழைய முறை. அந்நிலவுரிமையை 1909ஆம் ஆண்டின் வழக்க நிலச் சட்டமும் ஏற்றுக் காத்தது. மதம் ஒன்றாயிருக்க, பெண்ணின் நிலைமை இவ்வளவு வேறுபடுமாயின், வேதத்தை மட்டும் குறை கூறி ஒதுங்குவது எங்ஙனம் பொருந்தும்? நிலமும் வீடும் எவர் பெயரில் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும்.

நம் தோட்டங்களில் கோஷா கிடையாதே என்று பெருமை கொள்வதற்கும் இடமில்லை. பெண்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, ஆண்களோடு சமமாகப் பால் மரம் வெட்டியவர்கள்தாம். ஆயினும் 1928இல் மலாயாவின் பல வட்டாரங்களுக்கு விதிக்கப்பட்ட அளவுக் கூலி ஆணுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட். அப்பெண் லயத்துக்குத் திரும்பினால் அடுப்பும் பிள்ளையும் அவளுக்கே. இளைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியினின்று நிறுத்தப்பட்ட மூத்த பெண்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் வீட்டுப் பாட்டிமாரைக் கேட்டாலே தெரியும். சுவர் இல்லாமலும் ஒரு பெண்ணை அடைத்து வைக்கலாம்.

ஆகவே தோழர்களே, இந்நாவலை அயலாரைப் பழிக்கும் ஆயுதமாக்காதீர். வாங்கி, வீட்டுப் பெண்களிடம் முதலிற் கொடுங்கள். அவர்கள் படித்து முடித்தபின் என்ன சொல்லுகிறார்கள் என்பதைப் பொறுமையாகக் கேளுங்கள். நாம் எழுதும் எந்த மதிப்புரையைக்காட்டிலும் அவர்கள் சொல்லே இந்நூலுக்குத் தக்க உரைகல்லாகும்.