மனுப்பேச ஒருவர் வேண்டும்: ஹில்ஸ்பரோ அறிக்கை பற்றி ஒரு திறனாய்வு

அரசுகள் வெளியிடும் விசாரணை அறிக்கைகளை இலக்கியமாக எண்ணி எவரும் படிப்பதில்லை. அவை நீண்டவை, அவற்றின் நடை பெரும்பாலும் வறண்டது. ஆயினும் ஒரு சமூகம் தன் துயரை எவ்வாறு எழுதி வைக்கிறது என்பதை அறிய விரும்புவோர் அவற்றைத் தவிர்த்துவிட இயலாது. அத்தகைய அறிக்கை ஒன்றையே இக்கட்டுரையில் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவரையும் திருச்சபை நினைவுகூரும் பெருவிழாவன்று, அது இங்கிலாந்தில் வெளியாயிற்று. எழுதியவர், 1998 முதல் 2013 வரை லிவர்பூலின் ஆங்கிலிக்கன் ஆயராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஜோன்ஸ். 2016இல் உள்துறை அமைச்சராயிருந்த தெரசா மே அம்மையார் இப்பணியை அவரிடம் ஒப்படைத்தார். பொறுப்புக் கூறாத அதிகாரம் எளியோரைச் சிறியோராகக் கருதி நடத்தும் மனப்பாங்கு என்பது அறிக்கைத் தலைப்பின் பொருள். இத்தலைப்பே நமது திறனாய்வின் மையமாகும். அதற்குமுன், அறிக்கை எதைப் பற்றியது என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடுவது நலம்.

1989 ஏப்ரல் 15ஆம் நாள், ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிகளுக்கிடையே அரையிறுதிக் கால்பந்தாட்டம் நடைபெறவிருந்தது. வெளியே நெரிசல் மிகுந்தது கண்ட காவல்துறை, வெளிவாயில் ஒன்றைத் திறக்க உத்தரவிட்டது. உள்ளே புகுந்த கூட்டம், ஏற்கெனவே நிரம்பியிருந்த கம்பி வேலியிட்ட கூண்டுகளுக்குள் தள்ளப்பட்டது. அந்நெரிசலில் நசுங்கி இறந்தோர், 2021இல் மறைந்த ஒருவரையும் சேர்த்து, 97 பேர். அவர்களுள் மிக இளையவன் பத்து வயதுச் சிறுவன். வாயிலைத் திறக்க உத்தரவிட்ட காவல் உயரதிகாரியே, ரசிகர்கள் அதை உடைத்துக்கொண்டு நுழைந்தனர் என்று அன்று கூறினார். அது பொய் என்பதை 2015இல் சாட்சிக் கூண்டில் நின்று அவர் ஒப்புக்கொண்டார். பொய்க்கும் ஒப்புதலுக்கும் இடையே 26 ஆண்டுகள் கடந்திருந்தன.

உண்மை அவ்வளவு காலமும் மறைந்தே கிடந்தது எனக் கருதிவிடக் கூடாது. நீதிபதி டெய்லர் 1989 ஆகஸ்டிலேயே தம் இடைக்கால அறிக்கையில், கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் காவல்துறை தவறியதே பேரிடரின் முதன்மைக் காரணம் என எழுதிவிட்டார். அப்படியிருந்தும் 1991 மார்ச்சில் முடிவுற்ற மரண விசாரணை, 'விபத்தால் நேர்ந்த சாவு' என்றே தீர்ப்பளித்தது. நான்கு மாதங்களில் கண்டறியப்பட்ட உண்மை, இரண்டாண்டுக்குள் எவ்வாறு தொலைந்தது?

இங்கேதான் நாம் பேச வந்த பொருள் எழுகிறது. ஆங்கிலேய முறையில் 'கொரோனர்' எனப்படும் மரண விசாரணை அதிகாரி நடத்தும் விசாரணை, குற்ற வழக்கு அன்று. இறந்தவர் யார், எப்போது, எங்கே, எவ்வாறு இறந்தார் என்று காண்பதே அதன் பணி. அங்கே வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை என்பது சட்டத்தின் கூற்று. எனவே குடும்பத்தாருக்கு வழக்குரைஞர் தேவையில்லை என்றும், அரசு அதற்குப் பணம் தர வேண்டியதில்லை என்றும் நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் முதல் ஹில்ஸ்பரோ விசாரணை மண்டபத்தில் யார் எவ்வாறு அமர்ந்திருந்தனர்? காவல்துறைக்கும் அதன் உயரதிகாரிகளுக்கும் தனித்தனியே வழக்குரைஞர்கள் இருந்தனர். நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கோ இருந்தவர் ஒரே ஒரு வழக்குரைஞர். அவருக்கான செலவைக் குடும்பங்களே தம்முள் பங்கிட்டுக்கொண்டன. பிற்பகல் 3.15 மணிக்குப் பின் நிகழ்ந்தவற்றை ஆராய வேண்டியதில்லை என்று விசாரணை அதிகாரி முடிவு செய்தபோது, அதை உடைத்தெறியும் வலு எதிர்ப்பக்கத்தில் இல்லாமற்போயிற்று. அந்நேரத்துக்குப் பின்னும் 41 பேர் பிழைத்திருக்க வாய்ப்பிருந்திருக்கலாம் என்பதும், 164 காவலர் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன என்பதும், ஆயர் ஜோன்ஸ் தலைமையிலான தனிக்குழு 2012இல் ஆவணங்களை ஆராய்ந்து வெளியிட்ட பிறகே உலகறிந்தன. அவ்வாண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் பழைய தீர்ப்பை நீக்கியது. 2014 முதல் 2016 வரை வாரிங்டனில் நடந்த இரண்டாம் விசாரணையில், குடும்பத்தாரின் வழக்குரைஞர்களுக்கு அரசே பணம் கொடுத்தது. அதன் முடிவில் ஜூரிகள், அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்றும், ரசிகர்கள்மீது குற்றமில்லை என்றும் அறிவித்தனர்.

இரு விசாரணைகளுக்கும் இடையேயிருந்த வேறுபாடு பணம் மட்டுமே என்று நாம் சொல்ல வரவில்லை. புதிய ஆவணங்கள் கிடைத்திருந்தன, காலமும் மாறியிருந்தது. எனினும் ஆவணத்தைக் கையில் எடுத்து, கேள்வியாக்கி, சாட்சியின் முன் வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் முதன்முறை போதிய அளவில் இல்லை. இரண்டாம் முறை இருந்தார்.

இனி, ஆயரின் அறிக்கைக்கு வருவோம். அதன் முதற்சிறப்பு, அது செவிமடுக்கும் அறிக்கை என்பது. குடும்பத்தாரின் சொற்களை அவர்கள் சொன்னவாறே ஆயர் பக்கந்தோறும் இடம்பெறச் செய்கிறார். அன்றிரவு உறவினரின் உடலை அடையாளம் காட்ட வந்தவர்கள் பட்ட பாட்டையும், உடல் இப்போது விசாரணை அதிகாரிக்கு உரியது எனத் தடுக்கப்பட்ட தாய்மாரின் வேதனையையும் படிக்கையில் நெஞ்சு கனக்கிறது. துயருக்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று பிறர் எளிதாகச் சொல்லும் பேச்சை ஆயர் மறுக்கிறார். அன்புக்கு முடிவில்லாதபோது, அன்பில் பிறந்த துயருக்கு மட்டும் எவ்வாறு முடிவு வரும் என்பது அவர் உணர்த்தும் கருத்து. மேய்ப்புப் பணியில் முதிர்ந்த ஒருவரால் மட்டுமே இவ்வாறு எழுத இயலும்.

இரண்டாம் சிறப்பு, துயரைக் கேட்டதோடு நின்றுவிடாமல் அவர் கணக்கையும் கேட்டது. அறிக்கை 25 பாடங்களை முன்வைக்கிறது. அவற்றுள் மூன்றை இன்றியமையாதவை என ஆயர் குறிக்கிறார். பொதுப் பேரிடரில் உற்றாரை இழந்தோர்க்கான சாசனம் ஒன்று; காவலர் உண்மையை மறைக்காது கூற வேண்டிய கடமை மற்றொன்று; மரண விசாரணையில் குடும்பத்தாரின் முறையான பங்கேற்பு இன்னொன்று. இவ்விறுதிப் பாடத்தை அவர் நான்காக விரிக்கிறார். அரசு அமைப்பு வழக்குரைஞரோடு வரும் விசாரணையில், குடும்பத்தாருக்கும் அரசு நிதியில் வழக்குரைஞர் வேண்டும். அரசு அமைப்புகள் தம் தற்காப்புக்கு மக்கள் பணத்தை எல்லையின்றிச் செலவிடுவது நிற்க வேண்டும். அவ்வமைப்புகள் விசாரணையை அணுகும் முறை மாற வேண்டும். விசாரணை நடைமுறையும் அதிகாரிகளின் பயிற்சியும் திருந்த வேண்டும். இவற்றுள் முதலிரண்டையும் இணைத்தே படிக்க வேண்டும். சிலர் அஞ்சுவதுபோல வழக்குரைஞர் கூட்டத்தைப் பெருக்குவது ஆயரின் நோக்கமன்று. இரு பக்கமும் ஒத்த நிலையில் நிற்க வேண்டும் என்பதே அவர் கேட்பது.

அறிக்கையின் உயிர் இப்பகுதியில்தான் இருக்கிறது என்பது நமது கணிப்பு. ஆனால் தலைப்பும் முன்னுரையும் வாசகரின் கண்ணை வேறிடம் நோக்கித் திருப்புகின்றன. குறையை ஆயர் 'மனப்பாங்கு' என்று பெயரிடுகிறார். மக்களின் உரிமையைவிடத் தன் நற்பெயரையே பெரிதெனக் கருதும் நிறுவனப் பழக்கத்தை அச்சொல் நன்கு காட்டுகிறது. ஆயினும் மனப்பாங்கு என்பது உள்ளத்தில் உறைவது. அதை மாற்றுவோம் என்று எவரும் உறுதி கூறலாம், நிறைவேறியதா என்று அளந்து பார்க்க ஒருவராலும் இயலாது. பரிந்துரை என்னாது பாடங்கள் என்றதிலும் இதே மென்மை காணப்படுகிறது. பாடத்தைக் கற்பதும் கல்லாததும் மாணவன் விருப்பம் என்றாகிவிடுகிறதன்றோ?

பின்னர் நடந்தவை இவ்வையத்தை உறுதி செய்கின்றன. காவலில் நேரும் சாவுகளை ஆராய்ந்த எலிஷ் ஆஞ்சலினி அம்மையாரும், ஆயருக்கு இரு நாள் முன்னர், 2017 அக்டோபர் 30 அன்று வெளியான தம் அறிக்கையில், குடும்பத்தாரின் வருவாயைப் பாராது தொடக்கம் முதலே இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று கேட்டிருந்தார். இரு குரல்கள் ஒன்றுபட்டும், 2019 பிப்ரவரியில் அரசு அதை ஏற்க மறுத்தது. ஆண்டுக்கு 3 கோடி முதல் 7 கோடி பவுண்டு வரை கூடுதலாகச் செலவாகும் என்றும், விசாரணை வழக்காடலாக மாறிவிடும் என்றும் காரணம் கூறியது. 2022 ஜனவரியில், விதிவிலக்காகத் தரப்படும் சட்ட உதவிக்கு மட்டும் வருவாய்ச் சோதனை நீக்கப்பட்டது. 2023 டிசம்பரில், அறிக்கை வெளியாகி ஆறாண்டு கழிந்தபின், அரசு ஆயரின் சாசனத்தில் கையொப்பமிட்டது. நெஞ்சை மாற்றிக்கொள்வதாக வாக்களித்தாயிற்று. பணப்பையைத் திறப்பதோ தள்ளிப்போயிற்று. அரசு அமைப்பு பங்கேற்கும் மரண விசாரணைகளில் குடும்பத்தாருக்கு வருவாய்ச் சோதனையின்றிச் சட்ட உதவி தரும் மசோதா, 2025 செப்டம்பரில்தான் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது.

அரசு கூறிய தடைகளையும் நேர்மையாக எடைபோடுவோம். விசாரணை வழக்காடலாகிவிடும் என்பது முதல் தடை. காவல்துறை வழக்குரைஞரோடு மண்டபத்துள் நுழைந்த கணமே அது வழக்காடலாகிவிட்டது. ஒரு பக்கத்தின் வாயைக் கட்டிவைப்பதால் அமைதி பிறந்துவிடாது. செலவு என்பது இரண்டாம் தடை. பொதுப் பணம் அரிய பொருள்தான்; மருத்துவமனையும் பள்ளியும் அதை நம்பியிருக்கின்றன. ஆனால் காவல்துறையின் வழக்குரைஞருக்குத் தரப்படுவதும் அதே பொதுப் பணமே. இறந்தவனின் தந்தை கட்டிய வரியும் அதில் அடங்கும். தன் மகனின் சாவுக்குக் காரணம் கேட்பவர், தம்மை எதிர்த்துப் பேசுபவருக்கும் கூலி கொடுத்துவிட்டுத் தமக்கென ஒருவரை அமர்த்தக் கடன் வாங்கவேண்டியிருப்பது எந்த அறத்தில் சேரும்?

நம் மறை இதில் நமக்கு ஒளி தருகிறது. தூய ஆவியாரைத் துணையாளர் என்கிறோம். நற்செய்தியாளர் யோவான் கையாண்ட கிரேக்கச் சொல், அருகில் நின்று பரிந்து பேச அழைக்கப்பட்டவரை, சிறப்பாக வழக்கு மன்றத்தில் அவ்வாறு நிற்பவரைக் குறிப்பது. அன்னை மரியாவைத் திருச்சபை தன் இலத்தீன் மன்றாட்டில் அழைப்பதும் வழக்குரைஞரைக் குறிக்கும் சொல்லாலேயே. நம் முன்னோர் அதை 'மனுப்பேசுதல்' என்று அழகுறத் தமிழாக்கினர். நமக்காக மனுப்பேச ஒருவர் இருக்கிறார் என்பது நம் விசுவாசத்தின் ஆறுதல். அவ்வாறிருக்க, பிள்ளையை இழந்து மன்றத்தில் நிற்கும் தாய்க்கு மனுப்பேச ஒருவர் வேண்டும் என்பதை மிகையான கோரிக்கை என நாம் எவ்வாறு கூறுவோம்?

லூக்கா எழுதிய நேர்மையற்ற நடுவரும் கைம்பெண்ணும் உவமையை, சோர்வுறாது செபிப்பதற்கான பாடமாகக் கேட்டுப் பழகியிருக்கிறோம். அப்பொருள் என்றும் நிற்கும். ஆனால் அந்நடுவரின் மன்றத்தில் அவள் மீண்டும் மீண்டும் தனியே வந்து நின்றாள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஹில்ஸ்பரோவில் பதினைந்து வயது மகனை இழந்த ஆன் வில்லியம்ஸ் அம்மையார் அத்தகையவர். மரண விசாரணையின் தீர்ப்பை மாற்றக் கோரி அரசின் தலைமை வழக்குரைஞரிடம் மூன்று முறை முறையிட்டார். மூன்று முறையும் மறுக்கப்பட்டார். பழைய தீர்ப்பு நீக்கப்பட்டதைக் கண்டார். புதிய தீர்ப்பைக் காணாமலேயே 2013 ஏப்ரலில் கண்மூடினார். இத்தகையோரின் விடாமுயற்சியைப் போற்றலாம். அதை நம்பியே நீதி கிடைக்கும் நிலை இருப்பின், வெட்கப்பட வேண்டியது மன்றமே.

பேரிடரின் மறுநாள், ஞாயிறு மாலை, லிவர்பூலின் கத்தோலிக்கப் பேராலயத்தில் இறந்தோருக்காகத் திருப்பலி நிறைவேறியது. மக்கள் திரளாகக் கூடினர். செபம் அன்றே கிடைத்தது. சட்டத் துணை கிடைக்கக் கால் நூற்றாண்டாயிற்று. திருச்சபையின் இரக்கம் செபத்தோடு முடிவதில்லை என்பதை உணர்ந்த ஓர் ஆயரின் எழுத்து இவ்வறிக்கை. தலைப்பின் மென்மையைக் கடந்து, குடும்பத்தாரின் பங்கேற்பைப் பேசும் பக்கங்களை வாசகர் ஊன்றிப் படிக்க வேண்டும். துயருற்றோரோடு அழுவது எவ்வாறு என்பதை நாம் அறிவோம். அவர்களோடு மன்றத்துக்குச் செல்வது எவ்வாறு, அதற்கான செலவை யார் ஏற்பது என்பதை அப்பக்கங்கள் நமக்குக் கற்பிக்கின்றன.