எஃப்பும் ஜேயும்

விசைப்பலகையில் எஃப், ஜே என்ற இரண்டு விசைகளின் கீழோரத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலுக்குத் தெரியும். நாள் முழுக்க இணையதளம் கட்டும் வேலையில் நான் அதிகம் தொடுவது அதைத்தான். காலையில் கை வைத்ததும் ஆள்காட்டி விரல்கள் இரண்டும் அந்த மேட்டைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்துகொள்ளும். மற்ற விரல்கள் தாமாக வரிசைக்கு வந்துவிடும். பிறகு குனிந்து பார்க்கவே வேண்டாம். சேப்பாக்கத்தில் கடைசி ஓவர் போய்க்கொண்டிருக்கும், கண் ஸ்கோரில் இருக்கும், கை பாட்டுக்கு நிரலை அடித்துக்கொண்டிருக்கும்.

தமிழ் அடிக்கும்போதுதான் எனக்கு இன்னும் பிடிக்கும். தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் எஃப் மேட்டில் புள்ளி, ஜே மேட்டில் ‘ப’. உயிரெழுத்தெல்லாம் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. மிருதங்கத்தில் தொப்பியும் வலந்தலையும் மாறி மாறிப் பேசுவதுபோல ஒரு நடை வந்துவிடும். ‘அப்பா’ என்று அடித்துப் பாருங்கள். இடக்கையில் ‘அ’, வலக்கை அந்த மேட்டிலேயே இரண்டு தட்டு, மறுபடி இடக்கையில் ‘ஆ’. முதல் ‘ப’ தன் தலையில் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். டக், டக்டக், டக்.

என் பழைய விசைப்பலகையில் எழுத்துகள் பாதி அழிந்துவிட்டன. ஸ்பேஸ் பார் கட்டைவிரல் பட்ட இடத்தில் மட்டும் பளபளவென்று இருக்கிறது. அந்த இரண்டு மேடுகளும் கொஞ்சம் மழுங்கியிருக்கின்றன. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, இளையராஜாவை மெல்ல ஓடவிட்டு உட்கார்ந்தால், விரல் இன்னும் தேடிப் போவது அங்கேதான்.