நெஞ்சொடு கிளத்தலும் நம்மொடு கிளத்தலும்

நாடக மாந்தன் ஒருவன் தன் உள்ளத்துச் சூழ்ச்சியை ஏனைய பாத்திரங்கள் அறியாவண்ணம் அவையோர்க்கு மட்டும் உணர்த்த வேண்டின் என் செய்வான்? தனித்து நின்று பேசுவான். மனோன்மணீயத்துக் குடிலன் அவ்வாறே பேசுகின்றான். சீவக மன்னனின் அமைச்சனாக இருந்துகொண்டே அரியணையை அவாவும் அவன் கள்ளம், தனிமொழியாலன்றோ நமக்கு வெளிப்படுகின்றது? ஆயினும் அவன் நம்மைப் பார்த்துப் பேசுவதில்லை. குறளின் 125ஆம் அதிகாரத்துத் தலைவியைப் போல அவனும் தன் நெஞ்சொடு கிளத்துகின்றான். நாம் ஒட்டுக் கேட்கின்றோம், அவ்வளவே.

பி.பி.சி. 1990ஆம் ஆண்டு நவம்பர் 18 தொடங்கி நான்கு வாரம் ஒளிபரப்பிய ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ என்னும் தொடர்நாடகம் இம்முறையை ஒரு படி கடந்து செல்கின்றது. சீட்டுக்கட்டு வீடு என்பது அத்தலைப்பின் பொருள். கன்சர்வேட்டிவ் கட்சியில் பணியாற்றிய மைக்கல் டாப்ஸ் 1989இல் வெளியிட்ட புதினத்தை நாடகமாக்கியவர் ஆண்ட்ரூ டேவிஸ். தாட்சர் அம்மையாரின் படத்தை நோக்கியவாறு, எதுவும் நிலையாதென்னும் கருத்துடன் கதை தொடங்குகின்றது. முதற்பகுதி வெளிவந்த நான்காம் நாள் அவ்வம்மையார் மெய்யாகவே பதவி விலகலை அறிவித்தார்! இத்தகைய வாய்ப்பு எந்த ஆசிரியனும் திட்டமிட்டுப் பெறக்கூடியதன்று.

ஆளுங்கட்சியின் தலைமைக் கொறடா பிரான்சிஸ் அர்க்கர்ட். அமைச்சர் பதவி தருவதாகச் சொன்ன புதிய பிரதமர் காலிங்கிரிட்ஜ் சொல் தவறுகின்றார். அவரை வீழ்த்த அர்க்கர்ட் சூழ்கின்றான். பிரதமரின் குடிகாரத் தமையன்மீது பங்கு வாணிகப் பழி விழுகின்றது. இங்குதான் கலைநுட்பத்தைக் காண்கின்றோம். ஒவ்வொரு வஞ்சத்துக்கு முன்னும் இயன் ரிச்சர்ட்சன் ஒளிப்படக் கருவியின் பக்கம் மெல்லத் திரும்பி நம்மோடு பேசுகின்றார். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டின் வழிமுறை இது. ஆனால் தொலைக்காட்சியோ வீட்டுக் கூடத்தில் இருப்பது. அவர் நம் அருகமர்ந்து, நம்மை அறிவாளி எனப் பாராட்டி, மறைபொருளைப் பகிர்கின்றார். நாமும் மகிழ்கின்றோம். கட்சி அலுவலர் ரோஜர் ஓனீல் நஞ்சால் மாண்ட பின்னரும் அவர் நம்மிடமே நியாயம் பேசுகின்றார். அப்போதுதான் நாம் யார் பக்கம் அமர்ந்திருக்கின்றோம் என்பது உறைக்கின்றது. கேட்டும் வாளாவிருந்தவர் உடந்தையரல்லரோ?

குறை ஒன்றைச் சொல்லாது விடுவதற்கில்லை. செய்தியாளர் மாட்டி ஸ்டோரின், எதையும் ஐயுற்று ஆராயும் கூர்மதியுடையவள். அவள் முதியவனாகிய அர்க்கர்ட்டிடம் தந்தையை நாடுவதுபோல் மயங்குவதற்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை. கதைக்கு வேண்டியதால் மயங்குகின்றாள், இயல்பால் மயங்கவில்லை.

முடிவைப் பற்றி வேறு வேறு கருத்துகள் உண்டு. புதினத்தில், உண்மை வெளிப்படவே அர்க்கர்ட் தானே குதித்து மாய்கின்றான். டேவிஸோ, நாடாளுமன்றக் கட்டடத்தின் மாடித் தோட்டத்திலிருந்து அவன் மாட்டியைத் தள்ளிவிட்டு அரண்மனை நோக்கிச் செல்வதாக மாற்றினார். கொடியோன் தண்டம் பெறாத கதை அறத்துக்கு மாறன்றோ என்று நம் ஆசிரியர் சிலர் வினவக்கூடும். குடிலன் விலங்கொடு அவைமுன் நிற்பதை வகுப்பில் கற்பித்துப் பழகியவர்க்கு அவ்வினா இயல்பே. ஆயினும் என் கருத்து வேறு. அர்க்கர்ட் குதித்திருந்தால் நம் குற்றமும் அவனொடு ஒழிந்திருக்கும். தூய்மையுற்றோம் என எழுந்து போயிருப்போம். அவன் வாழ்வதால் அக்குற்றம் நம்மிடம் தங்குகின்றது.

டேவிஸும் வழியை முற்றிலும் அடைத்துவிடவில்லை. மாட்டியோடு கீழே விழுந்த ஒலிப்பதிவுக் கருவியை எவரோ எடுத்துக்கொள்வதைக் காட்டுகின்றார். 1993இலும் 1995இலும் தொடர்ச்சிகள் வந்தன; மூன்றாவதில்தான் அர்க்கர்ட் மடிகின்றான். அதற்குள் நம்மொடு அவன் கிளத்துவது நமக்குப் பழகிப்போய் விடுகின்றது.